நீலமலைத் தொதவரின் வட்டப் பாற்கோயில்களும் அவற்றின் உடைமையும்

1. முன்னுரை

நீலமலையின் மேட்டுநிலத்தில், உதகமண்டலத்திற்கு அணித்தே, முத்தநாடு மந்து என்னும் தொதவர் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரின் புல்வெளியில், வட்டமாக எழுப்பப்பெற்ற கற்சுவர் ஒன்றினுள், கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் புற்கூரைக் கட்டடம் ஒன்று காண்போர் கண்ணைக் கவரும். ஆங்கிலேயர் இதனைத் தொதவரின் பேராலயம் எனத் தம் மொழியில் பெயரிட்டு வழங்கினர். தொதவரோ இதனை 'மூன்போ' என்பர். 'போ' என்பது இவ்வகைக் கூம்புக் கட்டடங்களுக்கு அவர்கள் வழங்கும் பெயர். நீலமலை முழுவதிலும் இத்தகையன மிகச் சிலவே, விரல்விட்டு எண்ணத்தக்கன.

இக்கட்டடத்தைத் தொல்குடி ஒன்றன் எச்சமாகக் கண்டோர் உளர். சமயச் சின்னமாகக் கண்டோர் உளர். மலை காண வருவோர்க்குரிய காட்சிப் பொருளாகக் கொள்வோர் இன்றும் பலராவர். ஆயின் இது முதற்கண் பால் கறந்து வைத்துக் கடையும் இடம் என்பதும், குறிப்பிட்ட குடியினர்க்கு உரிய உடைமை என்பதும் போதிய அளவு எண்ணப்பெறவில்லை. பாலுக்குரிய இடமே கோயிலாகவும் விளங்குதலின் இவ்வகைக் கட்டடங்களைப் 'பாற்கோயில்' எனக் குறித்தல் பொருந்தும். இப்பாற்கோயில்களை உடையார் யாவர்? அவ்வுடைமையின் இயல்பு யாது? அது நிலைபெறுதற்கு இன்றியமையாதன எவை? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டடத்தைக் காப்பதும் புல்வெளியைக் காப்பதும் ஒன்றே என்னும் முடிவுக்கு இவ்வாராய்ச்சி நம்மை இட்டுச் செல்லும்.

2. ஆராய்ச்சி வரலாறு

தொதவரைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று கருநாடக நாட்டுக் கல்வெட்டில் உளது. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தொதவரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்ட செய்தியைக் கி.பி. 1117ஆம் ஆண்டைச் சார்ந்த சாமராசநகர்க் கல்வெட்டுக் கூறுகின்றது. எனவே இற்றைக்குத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இம்மக்கள் இப்பெயரோடு இம்மலையில் வாழ்ந்தனர் என்பது தெளிவு. 1603இல் இயேசு சபைத் துறவி பினிசியோ மலையாள நாட்டினின்று மலையேறி வந்து இவர்களைக் கண்டு, எருமை காத்து வாழும் இவர்தம் வாழ்க்கையை மடலாக எழுதினார்.

கோயமுத்தூர் ஆட்சித் தலைவர் சான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்தபின் ஐரோப்பியர் குறிப்புக்கள் பெருகின. 1832இல் ஆர்க்னசு என்பார் தொதவரைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். 1847இல் காங்கிரீவு என்பார் நீலமலைத் தொல்பொருள்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், மலைமுகடுகளில் காணப்படும் கற்குவைகளும் கல்வட்டங்களும் தொதவருடையனவே என்றும், தொதவர் சிதியர் மரபினர் என்றும் வாதிட்டார். நீலமலையின் முதல் ஆணையாளராகிய பிரீக்சு அக்கற்குவைகளை அகழ்ந்து கண்டவற்றைத் தொகுத்த நூல், அவர் மறைந்த அடுத்த ஆண்டாகிய 1873இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மார்சல் என்பார் எழுதிய நூலின் பின்னிணைப்பாகத் தொதவ மொழி இலக்கணச் சுருக்கம் ஒன்று வெளியாயிற்று. அதனை எழுதியவர், பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த நம் போப்பையரே. தமிழ்ப் புலமையும் தொதவ ஆராய்ச்சியும் ஒருவரிடத்தே ஒருங்கு கூடிய தொடக்கம் அது.

பாற்கோயில் முறையைச் செம்மையாக விளக்கிய முதல் நூல் ரிவர்சு 1906இல் வெளியிட்ட 'தொதவர்' என்னும் பெருநூலாகும். அவர் 1901, 1902ஆம் ஆண்டுகளில் மலையில் தங்கி ஊர்தோறும் சென்று ஆராய்ந்தவர். 1930களின் இடையில் மலைக்கு வந்த எமனோ தொதவ மொழியின் ஒலியியல்பையும் பாடல்களையும் துல்லியமாகப் பதிந்தார். அவர்தம் 'தொதவர் பாடல்கள்' 1971இலும், இலக்கணமும் உரைப்பகுதிகளும் அடங்கிய நூல் 1984இலும் வெளிவந்தன. 1986இல் வாக்கர் எழுதிய நூல் ரிவர்சின் முடிவுகளை மீளாய்வு செய்தது. இக்கட்டுரையில் வரும் தொதவச் சொற்கள் பெரும்பாலும் ரிவர்சின் வடிவத்தைத் தழுவியன.

3. மந்து என்னும் சொல்

தொதவர் ஊரை நாம் மந்து என்கிறோம். அண்டையில் வாழும் கோத்தர் மொழியில் அது 'மந்த்' என வழங்கும். தொதவர் தம் மொழியில் 'மொத்' என்பர். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி, தமிழிலுள்ள மன்று, மன்றம், மந்தை என்பனவற்றையும் தொதவ 'மொத்' என்பதனையும் ஒரே பதிவில் வைத்துக் காட்டுகின்றது. மந்தை என்பது கால்நடைத் தொகுதியையும் அது தங்கும் இடத்தையும் குறிப்பது. மன்று என்பது மக்கள் கூடும் பொதுவிடத்தையும், பண்டை வழக்கில் ஆனிரை நிற்கும் இடத்தையும் சுட்டுவது. இவ்விரு பொருளும் தொதவச் சொல்லில் பிரியாமல் நிற்கின்றன. 'மொத்' என்பது பாற்கோயிலோடு கூடிய ஊரையும் குறிக்கும். அவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட குடியையும் குறிக்கும். ஊர், குடி, நிரை என்னும் மூன்றும் அவர்கள் எண்ணத்தில் ஒன்றே என்பதனை இச்சொல் ஒன்றே காட்டிவிடுகின்றது.

இச்சொல் நகரப் பெயரில் அடைந்த மாற்றமும் நோக்கத்தக்கது. ஆங்கிலேயர் எழுத்தில் ஊட்டகமண்ட் என நின்ற பெயரின் ஈறு, மந்து என்பதன் திரிபே. பின்னர்த் தமிழ் வழக்கில் அது உதகமண்டலம் என வடசொற் சாயல் பெற்றது. மந்து மண்டலமானபோது எருமை நிரையின் நினைவு பெயரினின்று நீங்கிற்று. நிலம் கைமாறிய வரலாற்றைப் பெயரும் பின்பற்றியது போலும்!

4. கட்டட அமைப்பு

தொதவர் கட்டடங்கள் இருவகையின. பெரும்பாலான வீடுகளும் பாற்கோயில்களும் நெடுக்காக இரண்டாகப் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வடிவின. வளைத்த மூங்கிற் கழிகளைப் பிரம்பால் இணைத்து, மேலே புல் வேய்ந்து இவற்றை அமைப்பர். வீடொன்று ஏறத்தாழ 18 அடி நீளமும் 9 அடி அகலமும் 10 அடி உயரமும் உடையதாக இருக்கும். வாயில் மிகச் சிறிது; தவழ்ந்தே உட்புகுதல் வேண்டும். மலைக் குளிரையும் காற்றையும் தடுப்பதற்கும், பண்டை நாளில் விலங்கு புகாமல் காப்பதற்கும் இச்சிறு வாயில் ஏற்றதாயிற்று. பாற்கோயில் வடிவால் வீட்டைப் போன்றதேனும், தனித்து நிற்கும். தனக்கெனக் கற்சுவர் உடையது. உள்ளே குறுக்குத் தடுப்பால் முன்னறை, உள்ளறை எனப் பகுக்கப்பெறும்.

மற்றொரு வகையே 'போ' எனப்படும் கூம்புக் கோயில். இதன் அடிப்பகுதி வட்டம். அவ்வட்டத்தினின்று எழும் கழிகள் மேலே செல்லச் செல்லக் குவிந்து ஓருச்சியில் கூடுகின்றன. வளையங்களாகப் பிணைத்த பிரம்பு அவற்றை இறுக்கி நிறுத்துகின்றது. அதன்மீது தடித்த புற்கூரை. உச்சியில் தட்டையான கல் ஒன்று பொருத்தப்பெற்றிருக்கும். சுற்றிலும் வட்ட மதில். கதவோ ஒருவர் குனிந்து நுழையும் அளவினது.

இக்கட்டடத்தின் பொருள்கள் ஒவ்வொன்றும் மலையின் வெவ்வேறு பகுதியினின்று வருவன. கூரை வேய்தற்குரிய சிறந்த புல், மேட்டுநிலத்துச் சதுப்புக்களில் மட்டும் வளர்வது. எரியோகிரைசிசு ரங்காச்சாரி எனத் தாவர நூலார் பெயரிட்ட இப்புல் நீலமலைப் பகுதிக்கே சிறப்பாக உரியது. மெல்லிய மலை மூங்கில் சோலைக் காடுகளின் ஓரத்தில் கிடைப்பது. பிரம்போ மேட்டுநிலத்தில் கிடையாது. மலைச்சரிவின் ஈரக் காடுகளுக்கு இறங்கிச் சென்று கொணர்தல் வேண்டும். ஆகவே ஒரு பாற்கோயிலைக் கட்டி முடிக்கச் சதுப்பும் சோலையும் சரிவுக் காடும் ஒருங்கே வேண்டும். இம்மூன்றுள் ஒன்று குன்றினும் கட்டடம் குன்றும்.

புற்கூரைக்கு நீண்ட ஆயுள் இல்லை. நீலமலையின் இருபருவ மழையும் உறைபனியும் அதனை விரைந்து தளர்த்தும். ஆதலின் சில ஆண்டுகளுக்கொருமுறை அதனைக் களைந்து புதிதாக வேய்தல் மரபு. குடியின் ஆடவர் ஒருங்கு கூடி இப்பணியைச் செய்வர். அது விழாவாகவே நடைபெறும். எனவே இக்கோயிலின் தொன்மை அதன் புல்லிலோ கழியிலோ இல்லை. நின்ற இடத்திலும், வடிவத்திலும், மீண்டும் மீண்டும் வேய்ந்த கைகளின் அறிவிலுமே அத்தொன்மை உறைகின்றது. கற்றளிகளைக் கொண்டு தொன்மையை அளந்து பழகிய நமக்கு இஃது ஒரு புதிய அளவுகோலாகும்.

5. வட்டத்தின் பொருள்

தொதவர் வாழ்வில் வட்டம் மூன்று இடங்களில் தலைமை பெறுகின்றது. எருமைகளை இரவில் அடைக்கும் பட்டி வட்டமான கற்சுவர் உடையது. இறந்தார்க்கு இரண்டாம் முறை செய்யும் ஈமச் சடங்கின் இறுதியில் எரிந்த சாம்பலைப் புதைக்கும் இடம் 'அஸாரம்' எனப்படும் கல்வட்டம். மூன்றாவது, இங்கு ஆராயும் கூம்புக் கோயில். பட்டியில் எருமையும், கல்வட்டத்தில் முன்னோர் சாம்பலும், கோயிலில் பாலும் காக்கப்படுகின்றன. தொதவர் எவற்றைப் பெரிதெனப் பேணினரோ அவற்றைச் சுற்றியே வட்டம் எழுந்தது.

பாலுக்காக வட்டக் கட்டடம் எழுப்பும் வழக்கம் பிற நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் ஆன்காக்கு என்னும் ஊரில், சேக்கர் எனப்பட்ட கிறித்தவக் குழுவினர் 1826இல் கல்லால் வட்டமான மாட்டுக் கொட்டில் ஒன்று கட்டினர். பசுக்கள் வட்டமாக நடுவை நோக்கி நிற்கும்; நடுவில் வைக்கோல் குவிந்திருக்கும்; தீனி இடுவோர்க்கு நடை குறையும். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய கொட்டில்களைக் கட்டி உழவர்க்குப் பரிந்துரைத்தனர். அங்கு வட்டம் உழைப்பைச் சுருக்கும் கருவி. தொதவரிடத்திலோ எருமை ஒருநாளும் கூம்புக் கோயிலுள் புகுவதில்லை. பால் மட்டுமே புகும். இங்கு வட்டம் தூய்மையின் எல்லை. அமெரிக்க உழவன் தன் கொட்டிலுக்குள் எந்நேரமும் செல்லலாம். தொதவக் கோயிலை உடையவனோ அவ்வாறு செல்ல இயலாது. இவ்வேறுபாடே அடுத்து ஆராயும் உடைமை முறைக்கு வாயிலாகின்றது.

காங்கிரீவு முதலியோர் வட்ட வடிவைக் கண்டு தொதவரைத் தொலைவிலுள்ள நாடுகளோடு தொடர்புறுத்தினர். அவர்கள் கருதிய ஒப்புமை வடிவத்தின் ஒப்புமையே. மொழிச் சான்றோ அதற்கு மாறானது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே தொதவ மொழி திராவிட இனத்துள் வைக்கப்பெற்றது. அது தமிழொடு மிக நெருங்கிய தென்திராவிடக் கிளையைச் சார்ந்தது என்பதனைப் பின்வந்த எமனோவின் ஆராய்ச்சி ஐயமற நிறுவியது. வட்டக் கோயிலின் உறவைச் சிதிய நாட்டில் தேடுதலினும், பட்டியும் மன்றும் கொண்ட முல்லை நிலத்தில் தேடுதலே முறை.

6. உடையாரும் பணிபுரிவாரும்

தொதவர் இரு பெரும் பிரிவினர். தார்தாரோள் என்பார் ஒரு பிரிவினர். தெய்வலியோள் என்பார் மற்றொரு பிரிவினர். ஒவ்வொரு பிரிவிலும் பல குடிகள் உள. இரு பிரிவினர்க்குள்ளும் மணவுறவு மரபில் இல்லை. பால் வினைக்குரிய எருமைகளும் இருவகைப்படும். வீட்டுக்குரிய எருமைகள் குடும்பங்களின் உடைமை. அவற்றின் பால் வினையில் விலக்குக் குறைவு. புனித எருமைகளோ குடிக்குப் பொதுவுடைமை. அவற்றின் பால் பாற்கோயிலுக்கே உரியது.

தார்தாரோள் பிரிவில் பாற்கோயில்கள் படிப்படியாக உயரும் தகுதியுடையன. தார்வலி, குத்ர்பலி, வுர்சுலி என ஊர்ப் பாற்கோயில்கள் மூன்று படியின. அவற்றினும் உயர்ந்தன 'தி' எனப்படும் நிறுவனங்கள். அவை ஊரை நீங்கித் தனித்த இடங்களில், தமக்கென எருமை நிரையும் மேய்ச்சல் நிலமும் பாற்கோயில்களும் உடையனவாய் இருந்தன. தெய்வலியோளிடத்தே இத்தகைய படிநிலை இல்லை.

இவ்விடத்தே வியத்தகு முறையொன்று காணப்படுகின்றது. உயர்ந்த 'தி' நிறுவனங்கள் தார்தாரோள் குடிகளுக்கு உடைமை. ஆயின் அவற்றில் பால் கறந்து கடையும் 'பாலோள்' என்னும் பணியாளர் தெய்வலியோள் பிரிவினராகவே இருத்தல் வேண்டும். வுர்சுலியில் பணிபுரிவோனும் தெய்வலியோளாகவோ தார்தாரோளுள் மெல்கார்சு என்னும் ஒரு குடியினனாகவோ இருத்தல் வேண்டும். உடையவன் தன் உடைமையைத் தொடல் ஆகாது. தொடுதற்கு உரியவன் அதனை உடையன் அல்லன். ஒரு பிரிவின் செல்வம் மற்றொரு பிரிவின் கையின்றிப் பயன்படாது. உடைமை என்பது நுகரும் உரிமை என்றே எண்ணிப் பழகிய நமக்கு, உடைமை என்பது ஒதுங்கி நிற்கும் கடமையும் ஆகும் என்பதனை இம்முறை உணர்த்துகின்றது.

பாலோளின் நிலை எளிதன்று. 'துத்ர்' என்னும் மரத்தின் பட்டையாலும் ஓடைநீராலும் பன்முறை தூய்மை செய்துகொண்ட பின்னரே அவன் பணியேற்பான். பணியில் நிற்கும் காலமெல்லாம் மனைவாழ்க்கையை நீங்கி இருத்தல் வேண்டும். பிறர் அவனைத் தீண்டுதல் கூடாது. தீண்டின் அவன் தகுதி நீங்கும். பணியைத் துறந்தபின் மீண்டும் இல்லறம் புகுவான். எனவே இது பிறப்பால் வந்த துறவுமன்று. வாழ்நாள் முழுதும் நீள்வதுமன்று. பாலின்பொருட்டு மேற்கொள்ளும் கால எல்லையுள்ள நோன்பேயாம். 'தி' முறை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு வழக்கொழிந்தது. ஊர்ப் பாற்கோயில்களும் மூன்போ முதலிய கூம்புக் கோயில்களும் இன்றும் வழிபாட்டில் உள்ளன. மார்கழியை ஒட்டி முத்தநாடு மந்தில் நிகழும் மொற்பர்த் விழாவில் பல மந்துகளின் ஆடவரும் கூடி மூன்போவை வழிபட்டு, வட்டமாக நின்று ஆடிப்பாடி, இளவட்டக்கல் தூக்குதல் போலக் கனத்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தம் வலிமை காட்டுகின்றனர். கோயிற் பகுதிக்குப் பெண்டிர் செல்லும் வழக்கம் இல்லை.

உடைமையின் வேரைத் தொதவர் புராணம் வேறொரு வகையில் விளக்குகின்றது. ரிவர்சு கேட்டு எழுதிய கதையின்படி, ஓன் என்னும் தெய்வம் நிலத்தினின்று 1,600 எருமைகளை வெளிக்கொணர்ந்தான். அவன் மனைவி 1,800 எருமைகளைக் கொணர்ந்தாள். ஓன் கொணர்ந்த நிரையில் கடைசி எருமையின் வாலைப் பற்றிக்கொண்டு ஒருவன் வெளிவந்தான். அவனே முதல் தொதவன். எருமைகளையும் பாற்கோயில்களையும் குடிகளுக்குப் பங்கிட்டவள் தெய்கிர்சி என்னும் பெண் தெய்வம். இக்கதையில் எருமை முன்னே வருகின்றது. மாந்தன் அதன் வாலைப் பற்றிப் பின்னே வருகின்றான். எருமையை உடையவன் தொதவன் என்பதனினும், எருமைக்கு உரியவன் தொதவன் என்பதே அவர்தம் கருத்துக்கு நெருங்கியதாகும்.

7. பால் வினையும் முல்லை மரபும்

பாற்கோயிலின் உள்ளே நிகழும் வினை வருமாறு: உள்ளறையில் உள்ள கலங்கள் பாலொடும் கடைதலொடும் நேரே தொடர்புடையன. முன்னறைக் கலங்கள் வெளியுலகுக்குச் செல்லும் நெய்யையும் மோரையும் தாங்குவன. உள்ளறைக் கலத்தினின்று முன்னறைக் கலத்திற்கு நேரே ஊற்றுதல் கூடாது. இடைக்கலம் ஒன்றில் வாங்கியே மாற்றுதல் வேண்டும். இவ்வாறு புனிதமான பால் படிப்படியாகப் பொதுப்பொருளாகி ஊரையும் சந்தையையும் அடைகின்றது. பெண்டிர் மோர் பெறுதற்குரிய வழியும், அவர் நிற்றற்குரிய இடமும் வரையறுக்கப்பெற்றிருந்தன.

புதுப்பாலைத் தோய்க்கும் உறைமோரைத் தொதவர் 'பெப்' என்பர். பழைய மோரே புதிய பாலைத் தோய்ப்பதால் ஒரு பாற்கோயிலின் தோய்ப்பு நெடுங்காலம் இடையறாது தொடரும். கோயில் தூய்மை கெட்டதெனின் பழைய பெப் பயனற்றது; சடங்கோடு புதியது உண்டாக்கல் வேண்டும். மாலையில் விளக்கேற்றிப் பால்வினையாளன் மிடற்றினுள் முணுமுணுக்கும் வேண்டுதலில் 'குவார்சம்' எனப்படும் மறைபெயர்கள் இடம்பெறும். எருமை, பட்டி, ஓடை, குன்று, கல், கலம் என ஒவ்வொன்றற்கும் இவ்வேண்டுதலில் தனிப்பெயர் உண்டு. சுற்றியுள்ள நிலம் முழுவதும் பெயர் பெயராக இச்சிறு கட்டடத்துள் கூட்டப்படுகின்றது. நிலம் அழியின் வேண்டுதல் பொருளிழக்கும் என்பது இதனால் விளங்கும்.

தமிழ் இலக்கியம் பயில்வார்க்கு இச்செய்திகள் அயலானவை அல்ல. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் குடப்பால் உறையாமை தீக்குறியாகக் கொள்ளப்பட்டுக் குரவை எழுகின்றது. தோய்தலின் தவறு ஊரின் கேட்டைக் காட்டும் என்னும் அவ்வெண்ணமும், பெப் பற்றிய தொதவர் அச்சமும் ஒருநிலத்துப் பயிர்களே. பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகள் மோர் விற்று உணவு கொள்கின்றாள். நெய்யின் விலையாகப் பொன்னைக் கொள்ளாது எருமையும் ஆவும் கொள்கின்றாள். பால் தந்த செல்வம் மீண்டும் நிரையாதலே அவள் விழைவு. தொதவரும் நெய் கொடுத்துப் படகரிடம் தவசமும், கோத்தரிடம் கலமும் இரும்புக் கருவியும் பெற்று வாழ்ந்தனர்; நிரையே அவர்தம் முதல். ஈமச் சடங்கில் இளைஞர் எருமையைப் பாய்ந்து பற்றும் வழக்கத்தைக் கலித்தொகை முல்லைக்கலியின் ஏறுதழுவலோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஆயினும் ஒன்று மணத்தின்பொருட்டும் மற்றொன்று மறைந்தார்பொருட்டும் நிகழ்வன என்னும் வேறுபாட்டை மறத்தல் ஆகாது. இவ்வொப்புமைகள் தொதவர் தமிழரிடம் கடன் பெற்றனர் என்றோ, தமிழர் அவரிடம் பெற்றனர் என்றோ காட்டுவன அல்ல. ஒரு மூலமொழி பேசிய ஆயர் வாழ்வின் இரு கிளைகளை இவற்றில் காண்கிறோம் என்பதே பொருந்தும்.

8. நிலமும் கூரையும்

பாற்கோயிலின் உடைமையை ஐயுற்றார் எவருமிலர். அதனைச் சூழ்ந்த நிலத்தின் உடைமையே வழக்காயிற்று. 1822இல் சல்லிவன் உதகையில் கல்வீடு கட்டிக் குடியேறினார். அவர் மலைநிலம் தொதவர்க்கே உரியது என வலியுறுத்தினார். சென்னை அரசினர் அதனை முழுதும் ஏற்கவில்லை. மேய்ச்சலுரிமை வேறு, நிலவுரிமை வேறு என்னும் கருத்தே வென்றது. மந்துகளைச் சுற்றிச் சிறுநிலங்கள் பட்டாவாக வழங்கப்பெற்று, 1893இல் அவை காட்டுச் சட்ட விதிகளின் கீழ்க் கொணரப்பெற்றன. கோடையில் குந்தை மலைப்பக்கம் நிரையை ஓட்டிச் சென்று, ஆண்டுள்ள பருவப் பாற்கோயில்களில் தங்கி மீளும் மக்களுக்கு, ஊரைச் சுற்றிய சிறுநிலம் போதுமென்றது அச்சட்டத்தின் நோக்கு.

புல்வெளி பயனற்ற வெறுநிலம் என்னும் எண்ணமும் உடன் வளர்ந்தது. 1840களில் தைலமரமும் சீகையும் மலையில் நடப்பெற்றன. 1860களிலிருந்து குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் தேயிலை பரவியது. மேட்டுநிலத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கேரட்டும் வந்தன. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1938இல் முக்குருத்தி அணை எழுந்தது. நாடு விடுதலை பெற்றபின் கனடா நாட்டின் உதவியோடு குந்தாத் திட்டம் நிறைவேறியபோது எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குப் புல்வெளிகளை மூழ்குவித்தன. தொழிற்சாலைகளின் தேவைக்காகச் சீகைத் தோட்டங்கள் விடுதலைக்குப் பின்னர் மேலும் விரிவாக்கப்பெற்றன. 1990இல் முக்குருத்தி தேசியப் பூங்காவானது. காட்டுயிர்க்கு நன்மையான அச்செயல், தொதவரின் பழைய கோடைமேய்ச்சலுக்குத் தடையாயிற்று. இவற்றுள் பல நாட்டு நலனுக்கு வேண்டியனவே. எனினும் அந்நலனின் விலையை ஒரு சிறுகுடி தன் புல்லால் செலுத்தியது என்பதும் உண்மையே.

இதன் விளைவு எருமையிலும் கூரையிலும் ஒருங்கே தோன்றியது. சதுப்புக்கள் வற்றியபோது வேய்தற்குரிய புல் அருகியது. சோலை சுருங்கியபோது மூங்கில் அருகியது. பிரம்புக்கு நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது. காட்டுத் துறையின் இசைவும் வேண்டியதாயிற்று. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 800ஆக இருந்த தொதவர், 2011இல் ஏறத்தாழ 2,000ஆகப் பெருகியுள்ளனர். மக்கள் பெருகினர்; எருமைகள் குறைந்தன. வளைகூரை வீடுகள் பெரும்பாலும் செங்கல் வீடுகளாயின. பாற்கோயில்கள் சிலவும் செங்கல்லாலும் சிமெண்டாலும் புதுக்கப்பெற்றன. பழையவண்ணம் கட்டல் இயலாமையால் நேர்ந்த மாற்றம் அது. அதனைப் பழித்தல் தகாது. அண்மை ஆண்டுகளில் தொதவர் சிலர் தாவர அறிஞரோடு கூடிச் சோலைகளையும் புல்வெளிகளையும் மீட்கும் பணியில் ஈடுபட்டு, கோயில்களை மீண்டும் மூங்கிலாலும் புல்லாலும் கட்டி வருதல் போற்றத்தக்கது. மூன்போவும் புதுப்புல் வேயப்பெற்று நிற்கின்றது. வனவாழ் மக்களின் உரிமையை ஏற்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், மேய்ச்சலையும் சிறுவனப் பொருளையும் உரிமையாகவே கருதுகின்றது. புல்லும் பிரம்பும் கொணர்தல் சலுகையன்று, உரிமை என்னும் நிலை உறுதிப்படின் கூரைக்கு வழி பிறக்கும்.

ஆராய்ச்சியாளர்க்கும் இங்கு ஒரு கடன் உண்டு. ரிவர்சு தம் முன்னுரையிலேயே ஒரு செய்தியை மறையாது கூறுகின்றார். அவர்க்கு மறைச்செய்திகளை உரைத்தோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அவர் மலையில் தங்கிய நாளிலேயே துன்பங்கள் நேர்ந்தன. தெய்வச் சினமே காரணமெனத் தொதவர் கொண்டனர். பின்னர்ச் செய்தி கூறுவோர் அருகினர். அந்நம்பிக்கையை நாம் ஏற்பினும் ஏலாவிடினும், அறிவின் விலையைச் சொன்னவரே செலுத்தினர் என்பது கருதத்தக்கது. வட்ட மதிலுக்கு உள்ளே உள்ளதனை அறியும் ஆவலுக்கும் ஓர் எல்லை வேண்டும். மதிலுக்கு வெளியே உள்ள புல்லையும் நீரையும் ஆராய்தற்கு எத்தடையும் இல்லை. அங்கு நம் பணி மிகுதியும் எஞ்சியுள்ளது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

தொதவரின் கூம்புக் கோயில் அயல்நாட்டு மரபின் எச்சமன்று. முல்லை நிலத்து ஆயர் வாழ்வினின்று எழுந்த பால்மனையே. அதன் உடைமை குடிக்கு உரியது. அவ்வுடைமை நுகர்ச்சியினும் கட்டுப்பாட்டையே மிகுதியாகத் தருவது. உயர்ந்த பாற்கோயில்களில் உடைய பிரிவும் பணிபுரியும் பிரிவும் வேறாக நின்று, ஒன்றையொன்று இன்றியமையாதனவாக்கின. கோயிலின் நிலைபேறு புதுக்குந்தோறும் உண்டாவது. அதற்குச் சதுப்பும் சோலையும் சரிவுக் காடும் எருமையும் வேண்டும்.

ஆகவே மூன்போவைத் தொல்பொருளெனக் கருதி வேலியிட்டுக் காத்தல் அதனைக் காத்தலாகாது. பால் வாராத பாற்கோயில் வெறுங்கூரை. புல் கிடைக்காத ஊரில் அக்கூரையும் சில மழைக்கு மேல் நில்லாது. வேய்வோர்க்குப் புல்லும், எருமைக்கு மேய்ச்சலும், அவற்றைத் தம்முடையன எனக் கூறும் உரிமையும் எஞ்சும் வரையில், முத்தநாடு மந்தின் வட்டக் கோயில் பழமையாகவும் புதுமையாகவும் ஒருங்கே நிற்கும்.